காலி எடை

“ராடு இருபதுக்கா” என்று சொல்லிவிட்டு, ஜிம்மில் சொல்லிக்கொடுக்கிற பிள்ளை பெல்சியா ஃபேனைப் போடப் போய்விட்டாள். அவ்வளவுதான். அதில் என்ன இருக்கிறது, ஒரு இரும்புக் கம்பியின் எடையைச் சொன்னாள், கேட்டால் சொல்ல வேண்டியதுதானே. சந்தனக்கனிதான் பெஞ்சை விட்டு எழுந்திருக்கவில்லை. ஷூ நாடா கட்டக் குனிந்தவள் குனிந்த வாக்கிலேயே இருந்தாள், ஒரு நாடா விரலில், ஒரு நாடா தரையில். மார்கழி வெயில் ஜன்னல் வழியாக வந்து, எடைத் தட்டு அடுக்கிய ஸ்டாண்டின் மேல் விழுந்து கிடந்தது. கீழே மருந்துக்கடையில் ஷட்டரை ஏற்றினார்கள், மாடி முழுக்கக் கடகடவென்று அதிர்ந்தது. பதினொரு மணிக்கு மேல்தான் மற்ற பெண்கள் வருவார்கள். வந்தால் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு கையைப் பிடிப்பார்கள், அதற்குப் பயந்துதான் முந்தியே வந்தாள். புருஷன் செத்து இன்னும் ரெண்டு மாசம் ஆகவில்லை, அதுக்குள்ள இவளுக்கு ஜிம் கேக்குதோ என்று தெருவில் பேசத்தான் செய்வார்கள். பேசிவிட்டுப் போகட்டும், அவர்கள் வாய், அவர்கள் பொழுது. வீட்டில் உட்கார்ந்தால் குளியலறைக் கதவு நேரெதிரே இருக்கிறது, அதைப் பார்த்துக்கொண்டு எத்தனை நேரம்தான் இருப்பது. பொழுது ஏறினால் கால் தானாக இங்கே வந்து பழகிவிட்டது, வந்துவிட்டாள். வந்தவளிடம் அந்தப் பிள்ளை ஒன்றும் விசாரிக்காமல், துக்கம் கேட்காமல், தோளில் ஒரு தட்டு மட்டும் தட்டி, “அறுபது தூக்கிட்டிருந்தவுகதான், இருந்தாலும் இடையில விட்டாச்சுல்லா, இன்னைக்கு வெறும் ராடு போதும்” என்றது. “நான் எங்க பிள்ள அறுபது தூக்குனேன்? பக்கத்துக்கு இருபது, மொத்தம் நாப்பதுதான” என்று இவள் சிரிக்கக்கூடச் செய்தாள். அப்போதுதான் அது சொன்னது, ராடு இருபதுக்கா என்று.

நாற்பதும் இருபதும் அறுபது. சின்னப்பிள்ளை போடுகிற கணக்கு. சந்தனக்கனி அதைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தாள், எப்படிப் போட்டாலும் அறுபதுதான் வந்தது. ஆறு மாசமாக அந்தக் கம்பியைப் பிடித்திருக்கிறாள், உள்ளங்கையில் காய்ப்புக் காய்த்திருக்கிறது, அதற்கு ஒரு எடை இருக்கும் என்று ஒரு நாளாவது தோன்றியதா? இங்கே எல்லாப் பெண்களும் தட்டைத்தானே சொல்வார்கள். உனக்கு எவ்வளவு, பக்கத்துக்குப் பத்து, எனக்குப் பதினைந்து, அவ்வளவுதான் பேச்சு. தண்ணி தூக்கிட்டு வாரேன் என்றுதானே சொல்கிறோம், குடம் தூக்கிட்டு வாரேன் என்றா சொல்கிறோம். இதே அறுபதைத்தான் அவள் மனசுக்குள் குறித்து வைத்திருந்தாள், வெளியே யாரிடமும் சொல்லாமல். அவள் புருஷன் பால்துரை அறுபது கிலோவுக்கு ஒன்றிரண்டு குறைவு. நல்லா இருந்த காலத்தில் உரல் மாதிரி இருந்த மனுஷன், பக்கவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்தபின் வற்றிப்போய் அந்த எடைக்கு வந்து நின்றார். ஆஸ்பத்திரியில் நிறுத்துச் சொன்னபோது, கோணிப்போன வாயால் சிரித்துக்கொண்டு, “லோடு குறைஞ்சிட்டு” என்றார். அவருக்கு எல்லாமே லோடுதான். உப்பு லாரிகளை எடை போடுகிற மேடையில் முப்பது வருஷம் உட்கார்ந்த ஆள். இறக்கிவிட்டு வருகிற காலி லாரியை முதலில் நிறுத்து எழுதுவார், உப்பு ஏற்றிக்கொண்டு வந்ததும் மறுபடி நிறுத்து, காலி எடையைக் கழிப்பார், மிச்சம் உப்பு. கல்யாணமான புதிதில் இவளை அந்த மேடைமேல் நிற்கவைத்து, முள் அசையக்கூட இல்லையே கனி, நீ ஒரு லோடா என்று கேலி செய்தவர். முள்தான் அசையாது, அது லாரிக்கு உள்ளது, அதுகூடத் தெரியாமல் அன்றைக்கு இவள் கோபித்துக்கொண்டு ரெண்டு நாள் பேசவில்லை. ரெண்டு நாளை இப்படியா வீணாக்குவது, சே, எத்தனை நாளை எப்படியெல்லாம் வீணாக்கியிருக்கிறோம்.

அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான். தலைக்கு ஊத்திக்கணும். விழுந்த நாளிலிருந்து ஈரத்துணியால் துடைப்புத்தான். துடைத்துத் துடைத்து முதுகுத்தோல் காகிதமாகப் போய்விட்டது. ஒரு வாளித் தண்ணீரை மொத்தமாகத் தலையில் கவிழ்த்து, காதுக்குள் இறங்கி, கண் எரிந்து, ஆவென்று வாயால் மூச்சு வாங்கிக் குளிக்கணும் என்று அந்த மனுஷனுக்கு அப்படி ஒரு ஆசை. பெரிய ஆசையா? ஆனால் அந்த லைன் வீட்டில் குளியலறை ரெண்டு படி இறங்கி இருந்தது, சக்கர நாற்காலி வாசலிலேயே முட்டி நின்றுவிடும். அங்கேயிருந்து ஆளைத் தூக்கி இறக்கி ஸ்டூலில் உட்கார வைக்க வேண்டும். வெளியே வைத்து ஊற்றலாம் என்றால் வாசலைத் தாண்டினால் தெரு. மாடி வீட்டு ஜெயபால் அண்ணாச்சி நான் வந்து பிடிக்கேன் தாயி என்றார், நல்ல மனுஷர், சொன்னால் செய்வார். பால்துரை தலையை ஆட்டி ஆட்டி மறுத்துவிட்டார். அடுத்த ஆள் முன்னால அம்மணமா இருக்க மாட்டேன், நீயே ஊத்து, இல்லன்னா வேண்டாம். வீம்பு. அந்த உடம்பில் அது ஒன்றுதான் மிச்சம் இருந்தது, அதையும் பிடுங்கவா முடியும்? சித்திரையில் ஒரு நாள் இவளே தூக்கிப் பார்த்தாள். கக்கத்தில் கை கொடுத்து ஏந்தினாள், முதல் படியில் கால் வழுக்கி ரெண்டு பேரும் விழுந்தார்கள், அவர் நெற்றி நிலையில் மோதிக் கிழிந்து ரத்தம் முகமெல்லாம் வழிந்தது. அவள் கையால் பொத்திப் பிடித்தாள், அது மணிக்கட்டுவரை வழிந்தது. அவர் கீழே கிடந்தபடி, “ஓவர்லோடு” என்றார். பாவி மனுஷன், அப்போதும் ஒரு கேலி. அந்த ரத்தத்தின் சூடு இப்போதும் மணிக்கட்டில் இருக்கிற மாதிரி இருந்தது, சந்தனக்கனி மணிக்கட்டைப் புடவையில் துடைத்துக்கொள்ளப் போனாள், சுடிதார் போட்டிருப்பது அப்புறம்தான் நினைவு வந்தது. அந்தச் சித்திரைக்குப் பிறகுதான் இந்த மாடிப்படியை ஏறினாள். ஐம்பத்திரண்டு வயதில், மூக்குத்தியும் எண்ணெய்த் தலையுமாக வந்து நின்றவளைப் பார்த்து பெல்சியா சிரிக்கவில்லை. ஆனால் ஆசையும் காட்டவில்லை. “வீடியோல பாக்குற மாதிரியெல்லாம் நினைச்சுக்கிட்டு வராதீங்கக்கா. தூக்கிப் பழகாத உடம்பு. முதல்ல குச்சியைப் பிடிச்சுக் குனியப் பழகணும். அப்புறம் ராடு. அப்புறம் வாரத்துக்குக் கொஞ்சம் கொஞ்சமாத் தட்டு. ஆறு மாசம் ஏழு மாசத்துல உங்க எடையை நீங்க தரையிலிருந்து தூக்கிட்டா அதுவே பெரிய காரியம். அவசரப்பட்டா முதுகு போயிரும், முதுகு போனா நான் பொறுப்பில்ல.” சொல்லிவிட்டுக் கேட்டது, எதைத் தூக்கணும்னு வந்திருக்கீங்க என்று. எவ்வளவு நல்ல கேள்வி! என் வீட்டுக்காரரை என்று சொல்லியிருந்தால் அந்தப் பிள்ளை அன்றைக்கே எல்லாவற்றையும் கூட்டிக் கழித்துச் சொல்லியிருக்கும். இவளுக்கு வெட்கம். புருஷனைக் குளிப்பாட்ட என்று ஒரு கல்யாணமாகாத பிள்ளையிடம் எப்படிச் சொல்வது? “கேஸ் சிலிண்டர்” என்றாள். “அது ரெண்டே மாசத்துல தூக்கிருவீங்க” என்றது பெல்சியா. அதற்குப் பிறகு அது சிலிண்டரைத்தான் நினைத்தது, இவள் பால்துரையை நினைத்தாள்.

“என்னக்கா, மயக்கமா வருதா?” பெல்சியா எதிரே வந்து நின்றது. சந்தனக்கனி நாடாவைக் கட்டினாள், கட்டிவிட்டு, சும்மா கேட்கிற மாதிரி, “ஏ பிள்ள, அறுபது கிலோ ராடு தூக்குனா அறுபது கிலோ ஆளைத் தூக்கிரலாமா?” என்றாள். “அது வேறக்கா. ராடு வளையாது, நழுவாது, பிடிக்க வாகா இருக்கும். ஆளு அப்படியில்லல்லா. துவண்டு கிடக்குற ஆளுன்னா இன்னும் கஷ்டம்.” சொல்லிவிட்டு ரப்பர் பாயை விரிக்கப் போனது. சந்தனக்கனிக்கு அப்பாடா என்று இருந்தது. பாத்தியா, வேறயாம். அறுபது தூக்கினாலும் அவரைத் தூக்கியிருக்க முடியாது, அன்றைக்கு மாதிரியே விழுந்திருப்போம், மறுபடி நெற்றி கிழிந்திருக்கும், நல்ல வேளை, செய்யாமல் இருந்ததே நல்லது. இந்த நினைப்பைப் பிடித்துக்கொண்டு ஒரு மூச்சு விட்டாள். அந்த மூச்சு வெளியே போவதற்குள் அடுத்தது வந்தது, அவர் ஒன்றும் துவண்டு கிடக்கிற ஆள் இல்லையே. வலது பக்கம்தான் விழுந்தது, இடது கை இரும்பு மாதிரி இருந்தது, கட்டிலில் திருப்பிப் போடும்போது அந்தக் கையால் இவள் கழுத்தைச் சுற்றிப் பிடிப்பார், பிடித்தால் விடமாட்டார், பாதி பாரத்தை அவரே சுமந்துகொள்வார். சித்திரையில் விழுந்தது வேறு சந்தனக்கனி. முதுகை வளைத்து, ஆளைத் தள்ளி வைத்து, காலை நீட்டி, ஒன்றும் தெரியாமல் தூக்கினவள். பெல்சியா எத்தனை தடவை சொல்லியிருக்கும், உடம்போட ஒட்டினாப்பல தூக்குங்க, தள்ளி வைக்காதீங்க, உக்காந்து எந்திரிங்க, காலால தூக்குங்க. அதையெல்லாம் படித்தாகிவிட்டதே. முடிந்திருக்கும். முடிந்திருக்காது. ரெண்டு படிதானே, முடிந்திருக்கும். படியில் ஈரம் இருந்திருந்தால்? சாக்கு விரித்திருக்கலாம். தூக்கிய பிறகு கை நடுங்கியிருந்தால்? நடுங்கியிருக்காது, நாப்பது என்று நினைத்துக்கொண்டு அறுபதைத் தூக்கினபோது நடுங்கவில்லையே. கடவுளே, யாராவது ஒருத்தர் முடியாது என்று அடித்துச் சொல்லிவிட்டால் தேவலை. சொல்கிற ஆள் இல்லை. தூக்கிப் பார்க்கவும் ஆள் இல்லை.

தீபாவளிக்கு முந்தின சாயங்காலம் அவர் கேட்டார். வெடிச் சத்தத்தில் வீடு அதிர்ந்துகொண்டிருந்தது, டி.வி.யை நிறுத்தச் சொல்லிக் கை காட்டினார், நிறுத்தினாள், “தீவாளிக்காவது தலைக்கு ஊத்து, கனி” என்றார். அவருக்கு ஒரு வாக்கியம் முழுசாக வருவதே அபூர்வம், ஒவ்வொரு சொல்லாகப் பொறுக்கி எடுத்துத்தான் பேசுவார், அன்றைக்கு அது ஒரே மூச்சில் தெளிவாக வந்தது. அந்த வாரம்தான் இவள் பக்கத்துக்கு இருபது தூக்கியிருந்தாள். கணக்குப் போட்டாள். நாற்பதுதான் ஆகியிருக்கிறது, இன்னும் இருபது வேண்டும், வாரத்துக்குக் கொஞ்சமாகக் கூட்டினால் தை பிறந்துவிடும். “இன்னும் தெம்பு பத்தலைங்க. பொங்கலுக்கு ஊத்துதேன். சத்தியமா பொங்கலுக்கு ஊத்துதேன்” என்றாள். கர்த்தரை வைத்தும் முருகனை வைத்தும் சத்தியம் செய்கிற ஊர் இது, இவள் அவர் தலையை வைத்தே செய்தாள். விடியக்காலம் ஊரே எண்ணெய் தேய்த்துக் குளிக்கும்போது, இவள் உச்சந்தலையில் ஒரு சொட்டு எண்ணெய் வைத்து, சீயக்காய் போட்ட வெந்நீரில் துணியை நனைத்து முகத்தைத் துடைத்துவிட்டாள். அவர் ஒரு கத்துக் கத்தியிருந்தால் தேவலை. துடைக்கிற துணியிலிருந்து ஒரு துளி கண்ணோரமாக ஓடிக் காதுக்குள் இறங்கியது, அதற்கே கண்ணை மூடிக்கொண்டு சுகமாக இருந்தார். அந்த ஒரு துளிக்கு. பெரிய ஆளாக மூச்சைப் பிடித்து இரும்பைத் தூக்கிவிட்டு வந்து, ஒரு சொட்டுத் தண்ணீருக்கு அந்த மனுஷனை ஏங்கவைத்தவள் இவள்.

கார்த்திகையில் ஒரு மத்தியானம், கஞ்சி கரைத்துக்கொண்டு வருவதற்குள் போய்விட்டார். பையன் ஓசூரிலிருந்து வந்து சேர இருட்டிவிட்டது, மறுநாள்தான் எடுத்தார்கள். எடுப்பதற்கு முன்னால் குளிப்பாட்டுகிற முறை இருக்கிறதே. வாசலில் பெஞ்சு போட்டார்கள். நாலு ஆண்கள் உள்ளே வந்தார்கள், ஜெயபால் அண்ணாச்சி தலைமாட்டில், பையன் கால்மாட்டில், ரெண்டு பக்கமும் ரெண்டு பேர். தூக்கிவிட்டார்கள். எவ்வளவு சுலபமாகத் தூக்கினார்கள்! சந்தனக்கனி சுவரோடு சாய்ந்து நின்று அவர்கள் முதுகைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த நேரத்திலும், பாருங்கள், நாலு பேருமே முதுகை வளைத்துத் தூக்குகிறார்களே, காலால் தூக்க வேண்டாமா என்று மனசு நினைத்தது. மனசுக்கு ஏது வெட்கம். நடுத்தெருவில், இடுப்பில் ஒரு துண்டு மட்டுமாக, அடுத்த ஆள் முன்னால் இருக்கமாட்டேன் என்ற மனுஷனை ஊரே பார்க்க உட்காரவைத்தார்கள். எண்ணெயும் சீயக்காயும் தொட்டுவைத்தார்கள். பிறகு குடம் குடமாக ஊற்றினார்கள். தலையில், மொத்தமாக, அவர் எப்படிக் கேட்டாரோ அப்படியே. தண்ணீர் காதுக்குள் இறங்கியது, மூக்கு வழியே வழிந்தது, கண் எரிந்திருக்கும், கண்தான் மூடியிருந்ததே. “மெதுவா ஊத்துங்க, மூச்சு முட்டும்” என்று இவள் கத்தினாள். கூடி நின்ற பெண்கள் அதற்கும் சேர்த்து அழுதார்கள். தெருவில் ஓடிய தண்ணீர் எதிர்வீட்டுக் கோலத்தை அழித்துக்கொண்டு சாக்கடைக்குப் போனது, இவள் கடைசிவரை அதைத்தான் பார்த்தாள்.

“வாங்கக்கா. வெறும் ராடுதான், பயப்படாதீங்க.” ரப்பர் பாய்க்கு நடுவே கம்பி கிடந்தது. ரெண்டு முனையிலும் ஒன்றும் இல்லாமல் அதை இவள் அதிகம் பார்த்ததில்லை, அது என்னவோ அவிழ்த்துப்போட்ட மாதிரி கிடந்தது. சந்தனக்கனி எழுந்து போய் அதன் முன்னால் நின்றாள். பாதத்தை ராடுக்கு அடியில் கொண்டுபோனாள், இடுப்பைப் பின்னால் தள்ளி உட்கார்ந்தாள், பிடித்தாள். கை அதுபாட்டுக்கு இடம் கண்டுகொண்டது. இரும்பு சில்லென்று இருந்தது. இங்கேயிருந்து வீட்டுக்குப் போனதும் தினமும் முதலில் கட்டிலோரம் போய் உட்கார்ந்து அவரிடம் கணக்குச் சொல்வாள், அதுவும் ஞாபகம் வந்தது. அவருக்குத் தெரியும், இவள் எதற்கு இங்கே வருகிறாள் என்று உலகத்தில் தெரிந்த ஒரே ஆள் அவர்தான். பக்கத்துக்கு அஞ்சு தூக்குனேங்க. பக்கத்துக்குப் பத்து. இந்தக் கையைத் தொட்டுப் பாருங்க எப்படிக் காய்ச்சுப்போச்சு என்று. அவர் இடது கையால் தொட்டுப் பார்ப்பார். தொட்டுவிட்டு ஏதோ கேட்பார். என்ன கேட்பார்? சந்தனக்கனி குனிந்தபடி அப்படியே நின்றாள். கேட்பாரே. ஒவ்வொரு நாளும் கேட்பாரே. தூக்கத்தில் லாரி நம்பராகச் சொல்லிப் புலம்புகிறவர்தான், மேடையை விட்டு அவர் மனசு இறங்கியதே இல்லை, அதனால் இவள் அதைக் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. பக்கத்துக்கு இருபதுங்க என்று அந்த வாரம் சந்தோஷமாகப் போய்ச் சொன்னபோதும் கேட்டார், கையை விடாமல் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு சொல்லாகப் பொறுக்கி, “காலி வண்டி எவ்ளோ?” என்று. பழைய நினைப்பில் பிதற்றுகிறார் என்று நினைத்து, “லாரியெல்லாம் போயிட்டுங்க, நீங்க தூங்குங்க” என்று போர்வையை இழுத்துவிட்டாள். அவர் தலையை ஆட்டினார், இல்லை இல்லை என்று ஆட்டினார், “காலி… காலி எவ்ளோ” என்றார், அதற்குமேல் சொல் வரவில்லை, ஆத்திரத்தில் கண்ணில் தண்ணீர் கோத்துக்கொண்டது. இவள் அதையும் துணியால் துடைத்துவிட்டாள். அட மனுஷா. புத்தி தெளிவாக இருந்துதான் கேட்டீர்களா, தினமும், முப்பது வருஷம் லாரிக்குக் கேட்ட அதே கேள்வியை இந்த ராடுக்கும் என்னிடம் கேட்டீர்களா. ஒரே ஒரு நாள், இந்தா ஓடிப்போய் அந்தப் பிள்ளையிடம் கேட்டுட்டு வாரேன் என்று நான் எழுந்திருக்கக் கூடாதா.

“மூச்சை இழுத்து வயித்துல நிறுத்துங்கக்கா. ம், எந்திரிங்க.” சந்தனக்கனி எழுந்தாள். கம்பி முழங்காலை உரசிக்கொண்டு ஒட்டினாப்பல மேலே வந்து தொடையில் நின்றது. ஒரு பாரமும் தெரியவில்லை. எதிரே கண்ணாடியில் ஒரு பொம்பிளை நிமிர்ந்து, முதுகு வளையாமல், காலை ஊன்றி நின்றாள். “இருபதுங்க” என்றாள் சந்தனக்கனி. பெல்சியாவுக்குக் காதில் விழவில்லை போல. “என்னக்கா?” “காலி வண்டி இருபதுங்க” என்றாள் மறுபடி, கட்டிலோரம் உட்கார்ந்து சொல்கிற அதே குரலில். பெல்சியா ஒன்றும் புரியாமல் அவள் முகத்தைப் பார்த்தது, பார்த்துவிட்டு, “போதும், கீழ வைங்கக்கா” என்று மெதுவாகச் சொன்னது. அவள் வைக்கவில்லை.